கிரிட்டாவில் ஒரு பண்டாரவன்னியன்: ஸ்பிளாஷ் ஓவியத்துக்கு இலவச மென்பொருள் போதுமா?

கணினி விளையாட்டொன்றில் பாத்திரத்தைத் தெரிவுசெய்யும்போது திரையை நிறைத்துக்கொண்டு வரும் பெரிய ஓவியத்துக்கு ஸ்பிளாஷ் ஆர்ட் என்று பெயர். 2009இல் ரயட் கேம்ஸ் வெளியிட்ட ‘லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்’ இதைத் தனியொரு கலைவகையாகவே வளர்த்துவிட்டது. இன்று டிஜிட்டல் ஓவியம் பயிலும் மாணவர் பலருடைய படைப்புத் தொகுப்பில் இப்படியொரு ஓவியமாவது இருக்கிறது. காரணம் எளிது. உடலமைப்பு, உடை, ஆயுதம், ஒளி, பின்னணி, கதை ஆகிய ஆறையும் ஒரே படத்தில் சோதிக்கக்கூடிய பயிற்சி இது. இதற்கு என்ன மென்பொருள், என்ன கருவி வாங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விலைப்பட்டியலே பதிலாக வருகிறது: போட்டோஷொப் சந்தா, திரையுள்ள டப்லட், பதினாறு ஜிபி ரம். இலங்கையின் வன்னியிலிருந்து வரையும் ஒருவருக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதே இந்த விமர்சனத்தின் முடிவு. ஸ்பிளாஷ் ஓவியம் நன்றாக வருமா, வராதா என்பது முதல் சில மணிநேரத்திலேயே, உள்ளங்கையளவுக் கறுப்பு வெள்ளைக் கோட்டுருவங்களில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் கைகொடுக்கும் மென்பொருளே நல்ல மென்பொருள். அந்த அளவுகோலில் இலவச மென்பொருளான கிரிட்டா தேறுகிறது. எங்கே தடுமாறுகிறது என்பதையும் பார்ப்போம்.

கிரிட்டா 1999இல் கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்குள் தொடங்கிய வேலை. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ரொயிட் டப்லட்டுக்குச் சோதனைப் பதிப்பும் உண்டு. இங்கே மதிப்பிடப்படுவது 2023 ஒக்டோபரில் வந்த 5.2 வரிசை. பயனரும் கருவியும் எப்படிப்பட்டவை என்பதையும் முதலிலேயே வைத்துக்கொள்வோம். உயர்தரத்தில் சித்திரம் எடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கட்புலக் கலை படிப்பவர், அல்லது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வேறொரு துறை படித்துக்கொண்டே இரவில் வரைபவர். கையில் எட்டு ஜிபி ரம் உள்ள சாதாரண மடிக்கணினி. கூடவே, திரையில்லாத சிறிய பேனா டப்லட்: வக்கொம் இன்ட்யுவோஸ் சிறியது, அல்லது ஹியூயன் எச்640பி போன்ற ஒன்று. ஐபாட்டும் பெரிய மொனிட்டரும் வாங்கக்கூடியவருக்கு இந்த விமர்சனம் அதிகம் உதவாது.

சோதனைக்கு எடுத்த பாத்திரம் பண்டாரவன்னியன். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயர் வசமிருந்த கோட்டையைக் கைப்பற்றி, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் தளபதி வொன் ட்ரைபேர்க்கின் படையிடம் தோற்ற வன்னியின் தலைவர். கற்சிலைமடுவில் நினைவுக்கல்லும் வவுனியாவில் சிலையும் இருக்கின்றன. சிலைகளில் நாம் காணும் முகம் சிற்பிகளின் கற்பனை. ஆகவே பார்த்து வரைய ஒரு முகம் இல்லை. ஓவியர் முடிவெடுத்தே ஆகவேண்டும். ஸ்பிளாஷ் ஓவியத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. எந்த நாளை வரைகிறோம் என்பதே ஒளியைத் தீர்மானித்துவிடும். ஓகஸ்ட் என்றால் வன்னியில் கோடை: புல் கருகி, குளங்கள் வற்றி, செம்மண் புழுதி காற்றில் நிற்கும் காலம். ஒக்டோபர் கடைசி என்றால் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வேளை: முகில் கவிந்து, நிழல்கள் மங்கி, பச்சை ஏறிய காடு. முல்லைத்தீவு கிழக்குக் கரையில் இருப்பதால் அங்கே கடலிலிருந்து வருவது காலைச் சூரியன் மட்டுமே. கோட்டையையும் கடலையும் பின்னால் வைத்து மாலைச் செவ்வானம் தீட்டினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஊரார் ஒருவர் பார்த்ததும் பிழையைச் சொல்லிவிடுவார்.

இந்த முடிவுகளை எடுக்கும் கட்டத்தில் கிரிட்டா கொடுக்கும் வசதிகள்தான் அதன் பலம். பேனாவில் வலச் சொடுக்குக்கான பொத்தானை அழுத்தினால், பிடித்த பிரஷ்களும் நிறச் சக்கரமும் அண்மையில் எடுத்த நிறங்களும் வட்டமாகப் பேனாமுனையிலேயே விரிகின்றன. 1366க்கு 768 புள்ளித் திரையில் இது பெரிய உதவி. டப் விசையை அழுத்திப் பக்கப் பலகைகளை எல்லாம் மறைத்துவிட்டு, முழுத் திரையையும் ஓவியத்துக்கே கொடுத்து வேலைசெய்யலாம். எம் விசை படத்தை இடம் வலமாகப் புரட்டிக் காட்டும். சாய்ந்த தோளும் கோணலான கண்ணும் அந்த நொடியில் வெளிப்படும். அதே கோப்பை இன்னொரு சாளரத்தில் திறந்து, கைப்பேசித் திரை அளவுக்குச் சுருக்கி ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்; பெரிய சாளரத்தில் வரைவது சிறியதிலும் உடனே மாறும். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து அதன் கலப்பு முறையை ‘கலர்’ என்று மாற்றினால், முழு ஓவியமும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த லேயரின் கண்ணை அணைத்தால் நிறம் திரும்பிவிடும். மாணவர் ஓவியங்கள் பலவற்றில் பாத்திரம் பின்னணிக்குள் கரைந்துபோவதற்குக் காரணம், இரண்டும் ஒரே அளவு இருளில் இருப்பது. அதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு லேயர் போதும்.

சட்டகத்தின் கணக்கையும் இந்தக் கட்டத்திலேயே முடிக்கவேண்டும். லீக் ஒஃப் லெஜெண்ட்ஸில் நீண்டகாலம் பழக்கத்திலிருந்த அகன்ற ஸ்பிளாஷின் அளவு 1215க்கு 717 புள்ளிகள். ஆட்டம் ஏறும்வரை காட்டும் நெட்டைப் படம் 308க்கு 560. ஒரே ஓவியம் இரண்டு வடிவத்துக்கும் ஈடுகொடுக்கவேண்டும். கணக்குப் போட்டால், அகன்ற படத்தின் முழு உயரத்தையும் எடுத்தாலும் நெட்டைப் படத்துக்குள் வருவது அகலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். முகம், நெஞ்சு, ஆயுதத்தின் முக்கிய பகுதி மூன்றும் அந்தப் பங்குக்குள் அடங்கவேண்டும்; கோட்டையும் கடலும் படையும் வெளியே வெட்டுப்பட்டாலும் கதை குலையக்கூடாது. 3840க்கு 2160 புள்ளிக் கான்வஸில் 1188 புள்ளி அகலத்துக்கு இரண்டு வழிகாட்டிக் கோடுகளை இழுத்துவிட்டுச் சின்னக் கோட்டுருவங்களைத் தொடங்கினால், பண்டாரவன்னியனின் வாளைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கும் ஆசை தானாக அடங்கிவிடும். வாள் மேல்நோக்கியோ, பார்ப்பவரை நோக்கியோ வரவேண்டியிருக்கும். உயிர்ப்பான நிலைகள் என்று நாம் வியக்கும் பல, இந்த வெட்டுக்கணக்குக்கும் பொருந்துபவையாக இருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்த கட்டம் நிழலுருவை நிரப்பி, அதற்குள் நிறத்தைப் பூட்டுவது. கிரிட்டா புதியவரை அதிகம் அலைக்கழிக்கும் இடம் இதுதான். போட்டோஷொப்பில் ஒரு லேயரைக் கீழுள்ள லேயருக்குள் வெட்டிப் பூட்ட ஒரே சொடுக்குப் போதும். கிரிட்டாவில் ‘இன்ஹெரிட் அல்பா’ என்ற சின்ன அல்பா எழுத்துக் குறியை அழுத்தவேண்டும். ஆனால் அது நேர் கீழே உள்ள ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை; அதே குழுவில் கீழே கிடக்கும் அத்தனை லேயர்களின் ஒளிபுகாத பகுதியையும் சேர்த்துப் பார்க்கிறது. அடியில் வெள்ளைப் பின்னணி லேயர் இருந்தால், முழுக் கான்வஸும் ஒளிபுகாததாகிப் பூட்டு வேலைசெய்யாதது போலத் தோன்றும். நிழலுருவையும் அதன்மேல் வரும் நிற லேயர்களையும் ஒரு குழுவுக்குள் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. காரணம் தெரியாதவரோ மென்பொருள் பழுது என்று நினைத்துக் கைவிட்டுவிடுவார். பழகியபின் இந்த முறைக்கு ஒரு நன்மையும் தெரிகிறது: உடல், உடை, ஆயுதம், பின்னணி என்று ஓவியம் குழுக்களாகப் பிரிந்து நிற்பதால், பின்னால் ஒவ்வொன்றின் ஒளியையும் தனித்தனியே மாற்றலாம். இருந்தாலும் முதல் வாரத்துச் சிரமம் சிரமமே. இதற்குக் கிரிட்டாவுக்குப் புள்ளி குறைக்கத்தான் வேண்டும்.

ஒளியூட்டும் கட்டத்தில் மென்பொருளிடம் குறை சொல்ல அதிகமில்லை. நிழலுக்கு ‘மல்டிப்ளை’, வெளிச்சத்துக்கு ‘ஸ்கிரீன்’, தீப்பிழம்புக்கு ‘கலர் டொட்ஜ்’ என எல்லாக் கலப்பு முறைகளும் இருக்கின்றன. நிறம், மாறுபாடு போன்றவற்றை மூல ஓவியத்தைத் தொடாமல் மாற்றும் ஃபில்டர் லேயர்களும் உண்டு. கூடவே வரும் பிரஷ்கள் நூறுக்கு மேல். அவற்றில் அகன்ற தட்டைப் பிரஷ் ஒன்றும், ஓரம் மென்மையான ஒன்றும், புழுதிக்கும் இலைக்கும் பொறிப்பிரஷ் ஒன்றும் இருந்தால் முழு வேலையும் முடியும். ஓவியர் ஒளிமூலத்தைத் தெரிந்து வைத்திருப்பதே இங்கே பெரிது. முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கோயிலில் உறையும் கண்ணகியை ஒரு பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோயிலில் வைகாசிப் பொங்கலை ஒட்டி உப்புநீரில் விளக்கெரிப்பது மரபு. அந்த விளக்கை ஒளிமூலமாக வைத்தால், வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறும். நாடியின் அடிப்பக்கமும் மூக்கின் கீழும் பிரகாசிக்கும், நெற்றி இருளும், கண்குழிக்குள் நிழல் தலைகீழாக விழும். பின்னால், கோயிலருகே உள்ள நந்திக்கடல் களப்பின் நீர்ப்பரப்பு குளிர்ந்த நீலத்தில் இருந்தால், விளக்கின் மஞ்சளே முகத்தை முன்னுக்குத் தள்ளிவிடும். ஒளிவட்டத்தையோ மந்திரப் பொறிகளையோ தூவவேண்டியதில்லை. இந்தத் தெரிவு எந்தப் பிரஷ் பொதியிலும் வராது. அதை நிறைவேற்றத் தேவையான அத்தனையும் கிரிட்டாவில் இருக்கின்றன.

எட்டு ஜிபி ரம் தாங்குமா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்று வைத்தால், 3840க்கு 2160 கான்வஸில் முழுதும் நிரப்பிய ஒரு லேயர் ஏறத்தாழ 33 எம்பி. அப்படி முப்பது லேயர் என்றால் ஒரு ஜிபி. கிரிட்டா படத்தை 64க்கு 64 புள்ளிச் சிறு சதுரங்களாகப் பிரித்து, வரைந்த இடங்களுக்கு மட்டுமே நினைவகம் எடுப்பதால், வாள் மட்டும் உள்ள லேயர் இதில் சிறு பங்கையே கேட்கும். நிற ஆழத்தைப் பதினாறு பிட்டுக்கு உயர்த்தினால் எல்லாம் இரட்டிப்பாகும். திரைக்கான ஸ்பிளாஷுக்கு எட்டுப் பிட்டே போதும். ஏ3 தாளில் 300 டிபிஐ தரத்தில் அச்சிடவேண்டுமானால் ஒரு லேயர் ஏறத்தாழ 70 எம்பி ஆகிவிடும். அப்போது லேயர்களை அவ்வப்போது ஒன்றாக்கி எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். திரையின் அடிப்பட்டையில் படம் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று கிரிட்டாவே காட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் திணறல் வருவது, நிறத்தை இழுத்துக் குழைக்கும் பிரஷ்களைப் பெரிய அளவில் ஓட்டும்போதுதான். பேனா போய்ச் சற்றுப் பிந்தி நிறம் வரும். அந்த வகைப் பிரஷ்களைச் சிறு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய பரப்புகளைச் சாதாரணப் பிரஷால் நிரப்புவது வேலையையும் வேகமாக்கும், சேறுபடிந்த நிறங்களையும் தவிர்க்கும்.

பேனா டப்லட் விடயத்தில் இரண்டு அமைப்புகளைக் கவனித்தால் பாதி எரிச்சல் குறையும். முதலாவது அழுத்த உணர்வு. விண்டோஸில் மெல்ல அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் கோடு ஒரே தடிப்பாக வந்தால், கிரிட்டாவின் டப்லட் அமைப்புக்குள் போய் ‘வின்டப்’ என்பதிலிருந்து ‘விண்டோஸ் இங்க்’ முறைக்கோ, மறுதலையாகவோ மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறக்கவேண்டும். கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் டப்லட்டுகளில் சில இந்த ஒரு தெரிவோடு சரியாகிவிடக்கூடியவை. இரண்டாவது விகிதம். வக்கொம் சிறியதன் வரைபரப்பு 152க்கு 95 மில்லிமீற்றர். மடிக்கணினித் திரையின் விகிதம் பெரும்பாலும் 16:9. அப்படியே இணைத்தால், கை வட்டம் போட்டாலும் திரையில் சற்றே அமுங்கிய முட்டைதான் வரும். டப்லட்டின் அமைப்பில் விகிதத்தைக் கட்டாயமாக்கினால் உயரத்தில் பத்து மில்லிமீற்றர் கூடப் போகாது. வட்டம் வட்டமாக வரும். திரையில்லாத டப்லட்டில் கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்ற சங்கடம் உண்மைதான். ஆனால் அது பழக்கத்தால் தீருவது. திரையுள்ள டப்லட்டின் விலை பழக்கத்தால் குறைவதில்லை.

இலவசம் என்பதற்கு வன்னியில் இன்னுமொரு பொருள் உண்டு. 2022 நெருக்கடியில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. மாதம் 20 டொலர் சந்தா என்று வைத்தால், வரைபவர் எதையும் மாற்றாமலே 4,000 ரூபாய்ச் செலவு 7,200 ஆனது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சந்தா மென்பொருளுக்கு இடையிடையே இணையமும் கணக்கும் அட்டையும் வேண்டும். கிரிட்டாவை ஒருமுறை தரவிறக்கினால் போதும். கணக்குத் திறக்கவோ, இணையத்தில் நிற்கவோ வேண்டியதில்லை. ஒரு பென்ட்ரைவில் நண்பருக்கும் கொடுக்கலாம், அதுவும் சட்டப்படியே. மின்சாரம் நம்பமுடியாத இடத்தில் இருப்பவர், தானியங்கிச் சேமிப்பின் இடைவெளியைக் குறைத்துக்கொள்வதும், ஒவ்வொரு பெரிய கட்டத்திலும் புதிய எண்ணோடு கோப்பைச் சேமிக்கும் கட்டளையைப் பயன்படுத்துவதும் நல்லது. பழைய மின்கலத்தோடு ஓடும் மடிக்கணினிக்கு இது காப்புறுதி.

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான்: ஸ்டூடியோக்கள் போட்டோஷொப்பைத்தான் எதிர்பார்க்கின்றன, வேலைக்குப் போகும் மாணவர் அதையே பழகவேண்டாமா? இதில் உண்மை இருக்கிறது. கிரிட்டா போட்டோஷொப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும், எழுதும். ஆனால் ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் போன்றவை முழுமையாக வந்துசேரா. எழுத்துகளைத் திருத்தும் வசதியும் 5.2இல் பலவீனம்; விளையாட்டின் பெயரைத் தமிழில் அழகாகப் பொறிக்கவேண்டுமானால் இன்க்ஸ்கேப் போன்ற வேறு மென்பொருளை நாடுவதே புத்தி. ஆனால் வேலைக்கு ஆளெடுப்பவர் முதலில் பார்ப்பது ஓவியத்தை. அதில் ஒளியும் நிலையும் உருவமும் சரியாக இருந்தால், மெனுக்களைப் புதிதாகக் கற்றுக்கொள்வது சில வார வேலை. ஓவியம் சரியில்லாவிட்டால் எந்த மென்பொருளில் வரைந்தது என்று எவரும் கேட்கப்போவதில்லை. லேயர், கலப்பு முறை, முகமூடி, நிற ஆழம் ஆகிய அடிப்படைகள் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் புரிந்தவருக்கு மற்றது புரியும்.

இன்னொரு எதிர்வாதத்தை யாரும் எழுத்தில் வைப்பதில்லை, ஆனால் எல்லோரும் நடைமுறையில் வைத்திருக்கிறார்கள்: போட்டோஷொப்தான் திருட்டுப் பிரதியாகக் கிடைக்கிறதே, அதுவும் இலவசம்தானே? அறத்தை விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். பூட்டுடைத்த பிரதிகளோடு தீநிரல் வந்து இறங்கும் ஆபத்து இருக்கிறது. வைரஸ் காவலை அணைத்தால்தான் நிறுவமுடியும் என்பதே அந்தப் பிரதிகள் பலவற்றின் முதல் நிபந்தனை. புதுப்பிப்பு வராது. வெளிநாட்டு வாடிக்கையாளர் உரிமம் பற்றிக் கேட்டால் பதில் இராது. ஒரே மடிக்கணினியில் பாடக்குறிப்பும் ஓவியமும் குடும்பத்தின் புகைப்படமும் இருக்கும்போது, அதைத் தெரியாத ஒருவரின் நிரலுக்குத் திறந்துவிடுவது மலிவான தெரிவு ஆகாது.

மூன்றாவது எதிர்வாதம் செயற்கை நுண்ணறிவு. ஒரு வரி எழுதினால் நொடியில் ஸ்பிளாஷ் படம் கிடைக்கும்போது, எதற்கு இரவு பகலாக வரையவேண்டும்? படம் கிடைக்கிறது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் அந்த இயந்திரங்கள் அதிகம் கண்டிருப்பவற்றையே அதிகம் தருகின்றன. வன்னியின் 1803ஆம் ஆண்டுத் தலைவன் ஒருவனைக் கேட்டால், பொதுவான இந்திய மன்னன் ஒருவனையோ, கவசம் பூண்ட கற்பனை வீரனையோ, மேற்குக் கடலின் செவ்வானத்தோடு தருவதற்கே வாய்ப்பு அதிகம். பிழையைக் கண்டுபிடிக்க, மூலத்தைத் தெரிந்த ஆள் வேண்டும். ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டையும், நூலகம் திட்டத்தின் இணையச் சேகரத்தில் இருக்கும் வன்னி வரலாற்று நூல்களையும் புரட்டி, பாலை மரத்தின் பட்டை எப்படி வெடித்திருக்கும், கோடையில் குளத்தின் அடிநிலம் எந்த நிறம் என்று நேரில் பார்த்து வரையும் மாணவர், இயந்திரத்தின் படத்தைத் திருத்தவும் தகுதிபெறுகிறார். வரையத் தெரியாமல் கட்டளை மட்டும் எழுதுபவருக்கு அந்தத் தகுதி வருவதில்லை. கிரிட்டாவில் உசாத்துணைப் படங்களைக் கான்வஸின் ஓரத்திலேயே ஒட்டிவைக்கும் கருவி இருப்பது இங்கே கூடுதல் நன்மை. நினைவில் இருப்பதை வரையாமல் கண்முன் இருப்பதைப் பார்த்து வரையலாம்.

ஆக, தீர்ப்பு இப்படி. ஸ்பிளாஷ் ஓவியம் பழகும் வன்னி மாணவருக்குக் கிரிட்டா முதல் தெரிவு. பிற்காலத்தில் ஸ்டூடியோ வேலைக்காக மாறவேண்டியிருந்தாலும் அப்போது மாறலாம். கையில் பணம் இருந்தால் செலவிடும் வரிசை: முதலில் திரையில்லாத பேனா டப்லட், பிறகு ரம்மைப் பதினாறு ஜிபியாக்குவது, அதற்குப் பிறகு நிறம் சரியாகக் காட்டும் ஒரு மொனிட்டர். மலிவான மடிக்கணினித் திரையில் தலையைச் சற்று உயர்த்தினாலே இருள் மாறித் தெரிவதால், மொனிட்டர் வரும்வரை முடித்த ஓவியத்தை ஒரு நல்ல கைப்பேசியிலும் பார்த்துவிடவேண்டும். திரையுள்ள டப்லட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அச்சுக்கான எழுத்தும் வடிவமைப்புமே பிரதான வேலை என்றால் கிரிட்டா உங்களுக்கானதன்று. விரும்பினால் ஸ்டீமிலோ விண்டோஸ் ஸ்டோரிலோ பணம் கொடுத்தும் அதை வாங்கலாம். மென்பொருள் அதேதான், பணம் அதை ஆக்குவோருக்குப் போகிறது. முதல் ஓவியத்தை விற்றபின் செய்யத்தக்க செலவு அது.